கார்டு பெயர்களும் நோட்டேஷன் மென்பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ, லிலிபாண்ட் போன்ற, இசைத் தாள் எழுதும் (நோட்டேஷன்) மென்பொருள்களில் பாட்டுக்கு மேலே கார்டு பெயர் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின் பெயர்) அடிப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. சுரங்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் மட்டும் "பெரிய எம்", "சின்ன எம்" என்று பிரித்துச் சொல்கிறேன்.

நான் அடித்தது ஒன்று, திரையில் தெரிவது இன்னொன்று. ஏன்?

கார்டு பெயரை நாம் வெறும் எழுத்தாகத்தான் நினைக்கிறோம். பாடல் வரியை அடிப்பது போல அடித்துவிட்டு அடுத்த பாருக்குப் போய்விடுகிறோம். மென்பொருள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அடித்ததைப் படித்து, ரூட் (கார்டின் அடிப்படைச் சுரம்) எது, மேஜரா மைனரா, அதற்கு மேல் என்னென்ன சுரம், பேஸில் (எல்லாவற்றுக்கும் கீழே) எது என்று பிரித்து வைத்துக்கொள்கிறது. பிறகு, அந்த ஃபைலுக்கு என்ன பாணி அமைத்திருக்கிறதோ அந்தப் பாணியில் தானே ஒரு பெயரை எழுதிக் காட்டுகிறது.

ஆக, ஒரு கார்டுக்கு மூன்று வடிவம் உண்டு: நீங்கள் அடித்தது, மென்பொருள் புரிந்துகொண்டது, தாளில் அச்சாவது. கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் இருப்பதால் வருபவை.

லிலிபாண்டில் இது வெளிப்படையாகவே தெரியும். கார்டு பகுதியில் சி, முக்காற்புள்ளி, மேஜ்7 என்று அடித்தால், வேறு ஏதும் மாற்றாதவரை தாளில் சி△ என்று வரும். மற்றவற்றில் இந்த வேலை திரைக்குப் பின்னால் நடக்கிறது. புரியாததைக் கையாளும் விதமும் ஒன்றுக்கொன்று வேறு. சிபேலியஸ் அதைச் சிவப்பு நிறத்தில் காட்டும். ஃபினாலே (இப்போது வளர்ச்சி நிறுத்தப்பட்ட இன்னொரு மென்பொருள்), "இந்த ஒட்டு (ரூட்டுக்குப் பின்னால் வரும் பகுதி) என் பட்டியலில் இல்லை, சேர்க்கட்டுமா?" என்று கேட்கும். மியூஸ்ஸ்கோர் சத்தமில்லாமல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். இந்த மூன்றாவதுதான் ஆபத்து. பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் வாசிக்கச் சொன்னால் சத்தம் வராது.

ஒரே கார்டுக்கு ஏன் இத்தனை பெயர்? யாரும் தரப்படுத்தவில்லையா?

முயற்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கார்ல் பிராண்ட், கிளிண்டன் ரோமர் என்ற இருவர் 1976-ல் ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். ஸ்டுடியோவில் ஒத்திகை இல்லாமல், முதல் பார்வையிலேயே வாசிக்க வேண்டிய கலைஞர்களுக்காக எழுதியது. கையெழுத்தில் பெரிய எம்மும் சின்ன எம்மும் ஒன்று போலத் தெரிந்துவிடும் என்பதால் மைனருக்கு "எம்ஐ", மேஜருக்கு "எம்ஏ" என்று இரண்டு எழுத்து போடச் சொன்னார்கள். முக்கோணம், கழித்தல் குறி எல்லாம் வேண்டாம் என்றார்கள். மாற்றப்பட்ட சுரங்களை அடைப்புக்குறிக்குள் வைக்கச் சொன்னார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் ஜாஸ்காரர்கள் கழித்தல் குறியையும் முக்கோணத்தையும் விடவில்லை. பாப் பாட்டுப் புத்தகங்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு வேறு வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இன்று டோரிகோ போன்ற மென்பொருளில் இந்த 1976 முறையும் தேர்ந்தெடுக்கக்கூடிய பாணிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

சி7 என்றால் ஏன் பி ஃபிளாட்? பி தானே ஏழாவது சுரம்?

எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். சி மேஜர் ஸ்கேலில் ஏழாவது சுரம் பி. ஆனால் சி7 என்ற கார்டில் இருப்பவை சி, இ, ஜி, பி♭ (பி ஃபிளாட், அதாவது அரைச் சுரம் இறக்கிய பி).

சி மேஜர் ஸ்கேலில் ஐந்தாவது படியான ஜி மேல் ஸ்கேலின் சுரங்களை மட்டும் வைத்து நான்கு அடுக்கிப் பாருங்கள்: ஜி, பி, டி, எஃப். ஜி-க்கும் எஃப்-க்கும் இடையே இருப்பது மைனர் செவன்த், அதாவது பத்து அரைச் சுர இடைவெளி. சி மேல் அதே இடைவெளிகளில் அடுக்கினால் கடைசியில் வருவது பி♭. பாட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் டாமினன்ட் கார்டு இதுதான். மற்ற செவன்த் கார்டுகளை விட மிக அதிகமாகப் புழங்கியதால் "7" என்ற சின்னப் பெயரை இது எடுத்துக்கொண்டது. பி சுரத்தோடு வரும் கார்டுக்கு மேஜர்7 என்று நீட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த மேஜர்7-ஐ எழுதும் விதங்களைப் பாருங்கள். மேஜ்7, எம்ஏ7, பெரிய எம்7, △, △7. ஜெர்மனியிலும் வடக்கு ஐரோப்பாவிலும் "ஜே7". பிரேசிலில் எண் முன்னால், எழுத்து பின்னால்: "7எம்". இத்தாலியிலும், பிரேசிலின் பழைய தாள்களிலும் "7+".

கூட்டல், கழித்தல் குறிகளை நம்பலாமா?

என் பதில்: முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

சி−7 என்றால் ஜாஸ் தாளில் சி மைனர் செவன்த். சி7−9 என்றால் பழைய பாப் தாளில் ஒன்பதாவது சுரம் ஃபிளாட். ஒரே கோடு, ஓரிடத்தில் "மைனர்", இன்னோரிடத்தில் "அரைச் சுரம் இறக்கு". அப்படியானால் சி−9? ஜாஸ் வாசிப்பவர் மைனர் நைன்த் வாசிப்பார். பாப் புத்தகத்தில் பழகியவர் யோசிப்பார்.

கூட்டல் இன்னும் மோசம். சி+ என்றால் ஆக்மென்டட், அதாவது ஜி-க்குப் பதில் ஜி♯ (ஜி ஷார்ப், அரைச் சுரம் ஏற்றிய ஜி). சரி. சி7+ என்று பார்த்தால் அமெரிக்க வழக்கத்தில் படித்தவருக்கு அது ஆக்மென்டட் செவன்த், அதாவது சி, இ, ஜி♯, பி♭. அதே தாளை இத்தாலியர் பார்த்தால் சி, இ, ஜி, பி. இரண்டிலும் பொதுவாக இருப்பவை சி-யும் இ-யும் மட்டுமே. சி7+9 என்று எழுதினால் ஆக்மென்டட் கார்டோடு ஒன்பதா, ஒன்பதாவது ஷார்ப்பா, வெறுமனே ஒன்பதைச் சேர்ப்பதா என்று மூன்று அர்த்தம் எடுக்கலாம். மனிதர் பாட்டைக் கேட்டு முடிவு செய்வார். மென்பொருளுக்குக் காது கிடையாது, தன் அட்டவணையில் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும்.

முக்கோணம், வட்டம், கோடு போட்ட வட்டம்: இவற்றில் 7 தனியாகப் போட வேண்டுமா?

முக்கோணத்தைப் பெரும்பாலோர் மேஜர்7 என்றே படிக்கிறார்கள். சிலர் அதை "மேஜர்" என்று மட்டும் எடுத்து, 7 தனியாக இருக்கிறதா என்று தேடுவார்கள். △7 என்று எழுதிவிட்டால் இருவருக்கும் பிரச்சினை இல்லை.

கோடு போட்ட வட்டம் ஹாஃப் டிமினிஷ்ட், சி ரூட்டில் சி, இ♭, ஜி♭, பி♭. அது எப்போதுமே நான்கு சுரக் கார்டு என்பதால் 7 போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். மைனர்7(♭5) என்பதும் இதே கார்டு.

டிமினிஷ்டைக் குறிக்கும் வெறும் வட்டத்தில்தான் சிக்கல். சி° என்றால் மூன்று சுரம் (சி, இ♭, ஜி♭), சி°7 என்றால் நான்கு சுரம் என்பது ஏட்டு விதி. நடைமுறையில் ஜாஸ் பியானோக்காரர்கள் சி° என்று பார்த்தாலே நான்காவதையும் சேர்த்து வாசிப்பார்கள். மென்பொருள் ஏட்டு விதிப்படி மூன்றைத்தான் வாசிக்கும். நான்கு வேண்டும் என்றால் 7 போடுங்கள்.

சி9, சி ஆட்9, சி2, சி சஸ்2 எல்லாம் ஒன்றா?

இல்லை. சி9-ல் பி♭ உண்டு, அதாவது சி7 மேல் டி சேர்த்தது. சி ஆட்9-ல் பி♭ கிடையாது: சி, இ, ஜி, டி. சி சஸ்2-ல் இ கிடையாது: சி, டி, ஜி. சி2 என்பதைக் கிறிஸ்தவ ஆராதனைப் பாடல்களில் பெரும்பாலும் ஆட்9 போலவே, இ-யையும் வைத்து வாசிக்கிறார்கள். சில தாள்களில் அது சஸ்2. எனவே சி2 என்று எழுதாமல் இருப்பது நல்லது. வெறும் "சஸ்" என்றால் சஸ்4, அதாவது இ-க்குப் பதில் எஃப்.

"சி, சின்ன பி, 5" என்று அடித்தேன். மென்பொருள் தப்பாகப் படிக்கிறது. என்ன செய்வது?

கீபோர்டில் ஃபிளாட் குறி இல்லாததால் பெரும்பாலான மென்பொருள்களில் சின்ன பி-யைத்தான் ஃபிளாட்டுக்கு அடிக்கிறோம். இப்போது நீங்கள் அடித்தது சி♭ ரூட்டில் பவர் கார்டா (ரூட்டும் ஐந்தாவது சுரமும் மட்டும் உள்ளது), இல்லை சி ரூட்டில் ஐந்தாவது சுரம் ஃபிளாட்டா? எழுத்து வரிசையில் இரண்டும் ஒன்றே. ரூட்டை ஒட்டி வரும் குறி ரூட்டுக்கே சொந்தம் என்பதுதான் வழக்கமான விதி, அதனால் சி♭ ரூட்டில் பவர் கார்டு ஆகிவிடும். அடைப்புக்குறி போட்டு சி(♭5) என்று அடித்தால் தீர்ந்தது. ஏ-யோடு ஃபிளாட் நைன்த் எழுதும்போதும் இதே கதை: 7-ஐ நடுவில் போட்டு ஏ7(♭9) என்று எழுதாவிட்டால் அது ஏ♭ நைன்த் ஆகிவிடும்.

இதைவிட வேடிக்கையானது ஜெர்மன் பெயரிடலில் உண்டு. அங்கே இ♭-க்குப் பெயர் "எஸ்", ஏ♭-க்குப் பெயர் "ஆஸ்". இரண்டும் ரூட் எழுத்தோடு ஆங்கில எஸ் எழுத்தைச் சேர்த்து எழுதப்படுபவை. இப்போது இ சஸ்4 என்று அடித்தால் முதல் இரண்டு எழுத்தும் இ♭ ஆகிவிடுகிறது, மிச்சம் இருப்பது அர்த்தமில்லாத வால். நிரல் எழுதுபவர் முன்னால் எட்டிப் பார்த்து "இது சஸ்" என்று கண்டுபிடிக்கத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் தாளில் "எச்" என்று இருக்கிறது. அது என்ன?

ஜெர்மனி, போலந்து, செக் நாடு, வடக்கு ஐரோப்பாவின் பல பகுதிகள் ஆகியவற்றில் நாம் பி என்று சொல்லும் சுரத்துக்குப் பெயர் எச். அவர்கள் பி என்றால் அது நம் பி♭. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தன் குடும்பப் பெயரின் நான்கு எழுத்தையும் சுரங்களாக்கி வாசிக்க முடிந்தது இந்த வழக்கத்தால்தான்: பி♭, ஏ, சி, பி.

மியூஸ்ஸ்கோரில் இதற்கு ஒன்றல்ல, இரண்டு ஜெர்மன் தேர்வு உண்டு. "ஜெர்மன்" என்பதில் பி♭ அப்படியே இருக்கும், பி மட்டும் எச் ஆகும். "முழு ஜெர்மன்" என்பதில் பி♭ என்பது பி ஆகும், பி என்பது எச் ஆகும், சி♯ கூட "சிஸ்" ஆகும். லிலிபாண்டிலும் இப்படி முழுசு, அரை என இரண்டு கட்டளை இருக்கிறது. ஆக, யாரோ அனுப்பிய தாளில் தனியாக ஒரு பி இருந்தால், அந்தத் தாளில் எங்கேயாவது எச் இருக்கிறதா, பி♭ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எச்சும் பி-யும் சேர்ந்திருந்தால் அந்த பி நம் பி♭.

தாளில் இருப்பதை அடிக்கும் முன்பே இந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். ஆங்கில அமைப்பில் பி என்று அடித்துவிட்டு அப்புறம் ஜெர்மனுக்கு மாற்றினால், உள்ளே பி சுரம்தான் பதிவாகியிருக்கும். அது எச் என்று அழகாக மாறி நிற்கும்.

இன்னொன்று: அங்கே மைனர் கார்டை வெறும் சின்ன எழுத்தால் குறிக்கும் பழக்கமும் உண்டு. சின்ன சி என்றால் சி மைனர். மியூஸ்ஸ்கோரில் அப்படிக் காட்டவும் ஒரு தேர்வு இருக்கிறது.

டோ, ரே, மி என்று காட்டும் தேர்வும் இருக்கிறதே, அது நம் சர்ச் பாடகர் குழுவுக்கு உதவுமா?

உதவாது. தமிழகத்தில் பல தேவாலயப் பாடகர் குழுக்கள் பழகியது டானிக் சொல்ஃபா. அதில் டோ என்பது அந்தப் பாட்டின் ஆதார சுரம், நம் ஸட்ஜம் போல நகரக்கூடியது. மென்பொருளில் உள்ளது இத்தாலி, பிரான்ஸ் வழக்கம்: டோ என்றால் எப்போதும் சி, ரே என்றால் எப்போதும் டி. ஜி மேஜர் பாட்டில் முதல் கார்டு "ஸோல்" என்று வந்து நிற்கும்; சொல்ஃபா பழகியவர்கள் குழம்பிவிடுவார்கள்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மியூசிக்எக்ஸ்எம்எல் வழியாக அனுப்பினால் கார்டுகள் ஏன் மாறுகின்றன?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மியூசிக்எக்ஸ்எம்எல் மைக்கேல் குட் உருவாக்கிய பொதுவடிவம். 2004-ல் 1.0 வந்தது, 2021-ல் 4.0. அதில் கார்டு என்பது பெயராகச் சேமிக்கப்படுவதில்லை. ரூட், வகை, கூடுதல் படிகள், பேஸ் என்று தனித்தனியாகப் போகிறது. "வகை" ஒரு மூடிய பட்டியல்: மேஜர், மைனர், டாமினன்ட், ஹாஃப் டிமினிஷ்ட் என்று நீளும். (வாக்னரின் ஓபெராவில் வரும் டிரிஸ்டன் கார்டுக்குக் கூட அதில் ஓர் இடம் உண்டு. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.) தாளில் எப்படி எழுதியிருந்தது என்பதை வகையோடு ஒரு குறிப்பாக ஒட்டி அனுப்பலாம்.

முதல் கோளாறு இங்கேதான். வாங்கிக்கொள்ளும் மென்பொருள் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு தன் பாணியில் எழுதினால், நீங்கள் போட்ட முக்கோணம் அங்கே மேஜ்7 ஆகும். குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் அதைத் தன் அட்டவணையில் தேடிப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஒரே கார்டைப் பல விதமாக எழுதலாம். சி7(♯9) கார்டை "டாமினன்ட், அதோடு ஷார்ப் ஒன்பது சேர்" என்று அனுப்பலாம். "டாமினன்ட் நைன்த், அதில் ஒன்பதை அரைச் சுரம் ஏற்று" என்றும் அனுப்பலாம். இரண்டும் ஒரே சத்தம். ஆனால் வாங்குபவர் ஒன்றை மட்டும் எதிர்பார்த்து நிரல் எழுதியிருந்தால் மற்றது சி9(♯9) என்று விநோதமாக வந்து நிற்கும்.

மூன்றாவது, "சேர்" என்று சொல்லும்போது அளவுகோல் டாமினன்ட் கார்டு. அதாவது ஏழாவது சுரத்தைச் சேர் என்று மட்டும் சொன்னால் அது மைனர் செவன்த். மேஜர் செவன்த் வேண்டும் என்றால் ஏழைச் சேர்த்து, அதை அரைச் சுரம் ஏற்றவும் சொல்ல வேண்டும். நிரல் எழுதுபவர் இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு சுரம் மாறிப் போகும்.

வகைப் பெயர்களும் சில நேரம் காலை வாரும். "மேஜர்-மைனர்" என்ற வகை உண்மையில் மைனர் டிரையடோடு (மூன்று சுர மைனர் கார்டோடு) மேஜர் செவன்த்.

அனுப்பிய பிறகு முழுத் தாளையும் பார்க்க நேரமில்லையா? ஷார்ப், ஃபிளாட் ஒட்டிய 9, 11, 13 உள்ள கார்டுகள், டிமினிஷ்ட் கார்டுகள், சாய்கோடு போட்டு பேஸ் சுரம் எழுதியவை, இவற்றை மட்டுமாவது பாருங்கள். சாதாரண மேஜர், மைனர் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

மென்பொருள் வாசிக்கும் சத்தம் நான் நினைத்தது மாதிரி இல்லையே?

கார்டு பெயர் ஒரு சுருக்கெழுத்து. சி13 என்றால் கணக்குப்படி ஏழு சுரம் இருக்க வேண்டும். ஆனால் பதினொன்றாவது சுரமான எஃப், கீழே உள்ள இ-யோடு மோதுவதால் யாரும் அதை வாசிப்பதில்லை. லிலிபாண்ட் இதைத் தெரிந்துகொண்டு சி13-ல் பதினொன்றைத் தானாகவே விட்டுவிடும்.

மியூஸ்ஸ்கோரில் கார்டுகளுக்குச் சத்தம் வந்தது 2020-ல், 3.5 பதிப்பில். அதில் கார்டைத் தேர்ந்தெடுத்தால் பொருள்கொள்ளும் முறையில் இரண்டு தேர்வு இருக்கும். ஒன்று எழுதியபடியே, மற்றது ஜாஸ் முறை. ஜாஸ் முறையில் நீங்கள் எழுதாத சுரங்களும் சேரலாம். எழுதியது சரியா என்று சோதிக்க "எழுதியபடியே" என்பதில் வைத்துக் கேளுங்கள்.

ட்ரான்ஸ்போஸ் செய்தால் (வேறு சுருதிக்கு மாற்றினால்) பி♯, இ♯ என்றெல்லாம் வருகிறதே?

கணக்குச் சரிதான், வாசிப்பவருக்குத்தான் கஷ்டம். இ மேஜர் பாட்டை ஆல்டோ சாக்ஸபோனுக்கு மாற்றினால் தாளில் சி♯ மேஜர், ஏழு ஷார்ப். அதன் மூன்றாவது கார்டு இ♯ மைனர், ஏழாவது பி♯ டிமினிஷ்ட். அதையே டி♭ மேஜர் என்று எழுதினால் ஐந்து ஃபிளாட், கார்டுகள் எஃப் மைனர், சி டிமினிஷ்ட். கீ சிக்னேச்சரை (தாளின் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் தொகுப்பை) எளிய பெயருக்கு மாற்றும் அமைப்பு பல மென்பொருள்களில் உண்டு. கார்டை ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட அதை முதலில் தேடுங்கள்.

ஃபோனில் திறந்தால் குறிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

எழுத்துருக் கோளாறு. இசைக் குறிகளுக்காக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2013-ல் ஸ்மஃப்ல் என்ற எழுத்துருத் தரத்தைக் கொண்டுவந்தது. டிமினிஷ்ட் வட்டம், மேஜர் செவன்த் முக்கோணம் எல்லாவற்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. ஆனால் அந்த இடங்கள் சாதாரண எழுத்துருக்களில் காலி. காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கட்டம்தான் வரும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

சரி, நான் எந்த முறையைப் பின்பற்றுவது?

யாரோடு வாசிக்கிறீர்களோ அவர்கள் முறையை. ஜாஸ் குழுவில் எல்லோரும் கழித்தல் குறி போட்டுப் பழகியிருந்தால் அங்கே போய்ச் சீர்திருத்தம் செய்ய வேண்டாம். அப்படிக் கட்டாயம் இல்லையென்றால் நான் சொல்வது இது: மைனருக்கு சின்ன எம், மேஜர் செவன்த்துக்கு மேஜ்7, ஹாஃப் டிமினிஷ்டுக்கு மைனர்7(♭5). ஏற்றி இறக்கிய சுரங்களுக்கு ♯, ♭ மட்டும், அதுவும் அடைப்புக்குறிக்குள். சாய்கோடு பேஸ் சுரத்துக்கு மட்டும். பெரிய எம்மைத் தனியாக எங்கும் போடாதீர்கள். மங்கலான ஜெராக்ஸில் அது சின்ன எம்மாகத்தான் தெரியும். இந்தப் பாணியை வெற்றுத் தாளிலேயே அமைத்து டெம்ப்ளேட்டாகச் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு பாட்டிலும் மல்லுக்கட்ட வேண்டாம்.

என்னிடம் பழைய ஃபினாலே ஃபைல்கள் நிறைய உள்ளன. கார்டுகள் தப்பிக்குமா?

1988 முதல் இருந்த ஃபினாலேயின் வளர்ச்சியை மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. அது உங்கள் கணினியில் இன்னும் திறக்கும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக மாற்றிவிடுங்கள். ஃபினாலேயில் பயனரே புதுக் கார்டு ஒட்டுகளை வரைந்து சேர்க்க முடிந்தது. அப்படிச் சேர்த்தவை மேலே சொன்ன மூடிய பட்டியலில் சரியாகப் பொருந்தாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்திலேயே ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். புது மென்பொருளில் ஒரு கார்டு சந்தேகமாக இருந்தால், முதலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.